கடற்கரைக் காற்றில் கமரா லென்ஸ்: துடைப்பதும் வைத்திருப்பதும்

புதிதாகக் கமரா வாங்கிய ஒருவர் லென்ஸைப் பற்றி முதலில் கேட்பது, அதை எதனால் துடைப்பது என்பதைத்தான். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பொத்துவிலிலோ வசிக்கும் ஒருவருக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உள்ளன. இப்போது துடைக்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்பது ஒன்று. பயன்படுத்தாத நாட்களில் லென்ஸ் எங்கே, எந்த அளவு ஈரமுள்ள வளியில் கிடக்கிறது என்பது மற்றது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக உள்ள இந்த நிலத்தில் லென்ஸ் பெரும்பாலும் அழுக்கினால் கெடுவதில்லை. மணலோடு சேர்த்துத் தேய்க்கப்படுவதாலும், மாரி காலம் முழுவதும் பையினுள் மூடிக் கிடப்பதாலுமே கெடுகிறது.

இதை விளங்கிக்கொள்ள, லென்ஸின் மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நாம் லென்ஸ் என்று கையில் எடுப்பது ஒரே கண்ணாடி அன்று. அதன் குழாயினுள் பல வில்லைகள் அடுத்தடுத்துப் பொருத்தப்பட்டுள்ளன, சாதாரண சூம் லென்ஸ் ஒன்றிலேயே பத்துக்கும் மேற்பட்டவை இருக்கலாம். பூச்சு எதுவுமில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் தெறிக்கச் செய்துவிடும். பத்து வில்லைகளுக்கு இருபது மேற்பரப்புகள் என்று கணக்கிட்டால், உள்ளே புகுந்த ஒளியில் பாதிக்கும் குறைவானதே மறுபுறம் வந்து சேரும். தெறித்த ஒளியில் ஒரு பகுதி குழாயினுள்ளே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மக்குலா என்ற பௌதிகவியலாளர், கண்ணாடியின்மீது மிக மெல்லிய படையொன்றைப் படியச் செய்து இந்தத் தெறிப்பைக் குறைக்கும் முறையை உருவாக்கினார். மகனீசியம் புளோரைட்டினாலான அத்தகைய ஒற்றைப் படையின் தடிப்பு சுமார் 100 நனோமீற்றர் மட்டுமே. இன்றைய லென்ஸ்களில் இத்தகைய படைகள் பல, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசப்படுகின்றன. லென்ஸைச் சரித்துப் பார்க்கும்போது ஊதாவாகவும் பச்சையாகவும் மினுங்குவது இந்தப் பூச்சுத்தான். துடைக்கும்போது நமது துணி தொடுவது கண்ணாடியை அன்று, இந்தப் பூச்சையே.

அதற்காகப் பயந்து தொடாமலே விட வேண்டியதில்லை. இக்காலப் பூச்சுகள் உறுதியானவை. சுத்தமான துணியால் முறையாகத் துடைப்பதனால் அவை கழன்று போவதில்லை. ஆபத்து துணிக்கும் பூச்சுக்கும் இடையில் அகப்படும் மணற்துகளில் இருக்கிறது. கடற்கரை மணலில் பெருமளவில் காணப்படும் குவார்ட்ஸ் கனியத்தின் கடினத்தன்மை, எது எதைக் கீறும் என்பதை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் 7 ஆகும்; ஒளியியல் கண்ணாடியின் கடினத்தன்மை பெரும்பாலும் 5 முதல் 6 வரையே. கல்லடிக் கடற்கரையிலிருந்து வந்து, லென்ஸில் தூசி தெரிகிறதென்று சாரன் முனையால் ஒருமுறை அழுத்தித் துடைத்தால், அந்த ஒருமுறையே கீறலுக்குப் போதும்.

வயல் பக்கமும் இதற்குக் குறைந்ததன்று. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் வேளாண்மை வெட்டுக் காலத்தில் இயந்திரம் கிளப்பும் தூசியைப் பார்க்க வெறும் பதர்த் தூளாகவே தோன்றும். ஆனால் நெல் உமியை எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது; அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வளி உலர்ந்திருப்பதால் பூஞ்சணம் பற்றிய கவலை சற்றுக் குறையலாம், ஆனால் தேய்மானம் பற்றிய கவலை அப்போதுதான் கூடுகிறது.

உப்பின் இயல்பு வேறு. அலை உடையும் இடத்திலிருந்து எழும் நுண்துளிகள் நெடுந்தூரம் காற்றில் வருகின்றன; கரையில் அரை மணி நேரம் நின்றாலே லென்ஸின்மேல் மங்கலான படலம் ஒன்று படிவதைக் காணலாம். உப்புப் பளிங்கு கண்ணாடியைவிட மிக மென்மையானது. மோஸ் அளவுகோலில் அதன் இடம் 2 முதல் 2.5 வரை. ஆகவே உப்பு தானாகக் கீறுவதில்லை. அது செய்யும் கெடுதி இரண்டு வகையானது. வளியின் சாரீரப்பதன், அதாவது அந்த வெப்பநிலையில் வளி கொள்ளக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு வளியிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நமது கரையோரத்தில் இரவும் அதிகாலையும் இந்த எல்லை எளிதாகவே தாண்டப்படுவதால், படிந்த உப்பு மீண்டும் மீண்டும் ஈரமாகிப் பசைபோல மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே ஈரம் திருகாணிகளையும் உலோக வளையங்களையும் அரிக்கும். லென்ஸின் முன்னால் திருகிப் பூட்டும் கண்ணாடியான ஃபில்டர், கடற்கரையில் பயன்படுத்திய சில மாதங்களின் பின் லென்ஸின் முனையிலிருந்து கழற்ற முடியாமல் இறுகிப்போவது இதனால்தான்.

எப்போது துடைக்க வேண்டும்

லென்ஸின் முன்பக்கத்தில் உள்ள சில தூசிப் புள்ளிகள் படத்தில் தெரிவதில்லை. கமரா குவியப்படுத்துவது தூரத்தில் உள்ள பொருளை. தன் முகத்துக்கு நேரே ஒட்டியிருக்கும் துகள் அந்தக் குவியத்தில் அகப்படாமல் முற்றிலும் கலைந்துவிடுகிறது. முன்வில்லையில் உள்ள சிறிய கீறல்கூடப் பெரும்பாலான படங்களில் கண்ணுக்குப் புலப்படாது. வானத்தைப் படமெடுக்கும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கரும்புள்ளி வருமானால், அதற்குக் காரணம் லென்ஸ் அன்று, கமராவினுள் ஒளியைப் படமாக்கும் சென்சரில் படிந்த தூசி. லென்ஸினுள் ஒளி புகும் துவாரத்தை எஃப் 16 என்ற அளவுக்குச் சிறிதாக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் இன்னும் தெளிவாகத் தெரியும். இது தெரியாமல் லென்ஸை நாள்தோறும் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

விரல் ரேகை, எண்ணெய்ப் படலம், உப்புப் படலம், காய்ந்த நீர்த்துளி ஆகியவை மட்டும் வேறு கதை. அவை ஒளியைச் சிதறடித்துப் படம் முழுவதையும் மங்கச் செய்கின்றன. மாலையில் கல்லடிப் பாலத்திலிருந்து வாவிக்கு மேல் இறங்கும் சூரியனை எதிர்நோக்கி எடுக்கும் படத்தில், லென்ஸில் ஒரு விரல் ரேகை இருந்தாலே கருமையாக இருக்க வேண்டிய பகுதிகள் சாம்பல் நிறமாகிவிடும். பின்வில்லையில், அதாவது கமராவினுள் பொருந்தும் பக்கத்தில் உள்ள கண்ணாடியில், அழுக்கோ கீறலோ இருப்பது முன்பக்கத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பாதிக்கும். அங்கே ஒளிக்கற்றை ஒடுங்கிச் சென்சரை நெருங்கிவிடுவதே காரணம். எனவே பின்பக்க மூடியை ஒருபோதும் காற்சட்டைப் பையில் போடக் கூடாது. பையின் அடியில் கிடக்கும் பஞ்சும் தூளும் மூடியோடு சேர்ந்து நேரே பின்வில்லைக்குப் போய்விடும்.

துடைப்பதற்கு முன் ஊத வேண்டும். கடைகளில் புளோவர் என்று கேட்டால் தரும் றப்பர் ஊதியே இதற்குப் போதுமானது. லென்ஸின் முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பலமுறை ஊதினால், கிளம்பும் துகள் மறுபடி அங்கேயே விழாது. வாயால் ஊதுவது எச்சில் துளிகளைக் கொண்டு சேர்க்கும். அழுத்திய வளி அடைத்த கலன்களைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். கலன் சற்றுச் சரிந்தாலும் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்த நிலையில் வில்லைமேல் பீய்ச்சியடித்துக் கறையை விடும் என்பதால், நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊதிய பின்னும் ஒட்டியிருக்கும் துகளை மென்மையான தூரிகையால் அழுத்தாமல் தட்டி எடுக்கலாம். அந்தத் தூரிகையின் மயிரை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது; விரலின் எண்ணெய் அதில் ஏறிப் பின்னர் லென்ஸில் இறங்கும்.

கடற்கரையிலிருந்து வந்த லென்ஸுக்கு இவ்விடத்தில் ஒரு படி கூடுதலாகத் தேவைப்படுகிறது. கடையில் விற்கப்படும் லென்ஸ் துடைக்கும் திரவங்களில் பல அற்ககோல் கலந்தவை. அற்ககோல் எண்ணெயை நன்றாகக் கரைக்கும், உப்பையோ அது ஏறத்தாழக் கரைப்பதேயில்லை. உப்புப் படலத்தின்மீது அற்ககோல் தோய்ந்த துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிர நீங்காது. ஆகவே முதலில் காய்ச்சி வடித்த நீரில் இலேசாக நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வாகன பற்றரிக்கு ஊற்றுவதற்காகப் போத்தலில் விற்கப்படும் நீர் இதற்குப் பொருந்தும். அதே தட்டில் பற்றரி அமிலமும் விற்பனைக்கு இருக்கும் என்பதால், வாங்கும்போது போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துக்கொள்வது நல்லது. கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. காய்ந்ததும் புதிய கறையை அதுவே வைத்துவிடும்.

உப்பு நீங்கிய பிறகே லென்ஸ் திரவத்தின் வேலை தொடங்குகிறது. இரண்டொரு துளிகளைத் துணியில் விட வேண்டும், ஒருபோதும் நேரே கண்ணாடியில் விடக் கூடாது. வில்லைக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையிலான நுண்ணிய இடைவெளியினூடாகத் திரவம் உள்ளே இறங்கினால், அதை வெளியே எடுக்க லென்ஸையே கழற்ற வேண்டிவரும். நடுவிலிருந்து தொடங்கிச் சுழன்று சுழன்று விளிம்புக்கு வர வேண்டும். அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் துணியின் புதிய பகுதியைப் பயன்படுத்த வேண்டும். லேஞ்சி, சேர்ட்டின் விளிம்பு, கடதாசி டிசு, மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்து ஆண்டுக்கணக்காகப் பையில் கிடந்த துணி ஆகியவற்றை ஒதுக்கிவிடலாம். மைக்ரோஃபைபர் துணியைச் சவர்க்காரத்தில் அலசி நன்றாக நீர் போகக் கழுவி நிழலில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். ஆடைகளை மென்மையாக்கும் திரவத்தில் தோய்த்தால் அந்த மெழுகுப் படலம் லென்ஸுக்கு வரும். யன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை குழாயின் பிளாஸ்டிக்கையும் எழுத்துகளையும் கரைத்துவிடக்கூடியவை.

கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் படமெடுப்பவர்களுக்கு உப்பைவிட எண்ணெயும் புகையுமே தொல்லை தருகின்றன. கற்பூரப் புகை, தீமிதிப்பின்போது எழும் சாம்பல், தூவப்படும் குங்குமம், விருந்தினர்மேல் தெளிக்கப்படும் பன்னீர் எல்லாம் லென்ஸின் முகத்தை வந்தடைகின்றன. சாம்பலும் குங்குமமும் ஊதி அகற்றப்பட வேண்டியவை. ஈரத்துணி பட்டால் குழம்பாகிவிடும். கற்பூரக் கரிக்கு அற்ககோல் கலந்த திரவம் தேவை. இத்தகைய இடங்களில் ஹூட் எனப்படும் முன்மறைப்பைப் போட்டிருப்பதே பாதித் துடைப்பைத் தவிர்க்கும்.

முன்பக்கத்தில் நிரந்தரமாக ஒரு பாதுகாப்பு ஃபில்டரை மாட்டி வைப்பதா என்பது படப்பிடிப்பாளர்களிடையே ஓயாத விவாதம். அறுகம்பையில் அலைச்சறுக்கலைப் படமெடுப்பவருக்கு அது அவசியம் என்பதும், இரவில் மின்விளக்குகளுக்கு நடுவே அதைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் என் கருத்து. மலிவான ஃபில்டர் விளக்கொளியை உள்ளுக்குள்ளே தெறிக்கச் செய்து படத்தில் போலி விளக்குகளை உண்டாக்கும்.

ஈரமும் பூஞ்சணமும்

லென்ஸ் வைத்திருப்பவர்கள் பங்கஸ் பிடித்துவிட்டது என்று கவலையோடு சொல்லும் நிலை எப்படி வருகிறது? பூஞ்சணத்தின் வித்திகள் எங்கும் வளியில் மிதக்கின்றன. புத்தம் புதிய லென்ஸினுள்ளும் அவை இருக்கலாம். அவை முளைப்பதற்கு வேண்டியவை ஈரம், அசையாத வளி, சிறிதளவு சேதனப் பொருள் ஆகியவையே. வில்லையில் படிந்த எண்ணெயும் தூசியும் உணவுக்குப் போதும். சாரீரப்பதன் 70 சதவீதத்துக்கு மேலாக நாட்கணக்கில் நீடிக்கும் இருண்ட இடத்தில், அது விளிம்பிலிருந்து சிலந்தி வலை போன்ற இழைகளாக உள்நோக்கிப் பரவுகிறது. இழைகளைத் துடைத்து அகற்ற முடியும். அவை சுரக்கும் அமிலம் பூச்சையும், நாட்பட்டால் கண்ணாடியையும் அரித்துவிடும்போது, அந்தத் தழும்பை எவராலும் அகற்ற முடியாது.

வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் எமது வீடுகளுக்குள் இந்த நிலைமை தானாகவே அமைந்துவிடுகிறது. அலுமாரியில் தோற்பொருட்கள் வெண்பூஞ்சணம் பூப்பதைப் பார்த்திருப்பவர்கள், பக்கத்துத் தட்டில் இருக்கும் கமராப் பையிலும் அதே வளிதான் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கமராப் பை பயணத்துக்கானது. அதன் உட்பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அது வைப்பிடமாகப் பொருந்தாது. தோலுறைகள் அதைவிட மோசமானவை.

ஈரம் வரும் இன்னொரு வழி குளிரூட்டிய அறை. வெளியே வெப்பநிலை 32 பாகை செல்சியஸும் சாரீரப்பதன் 75 சதவீதமுமாக இருக்கும் நாளில் பனிபடுநிலை ஏறத்தாழ 27 பாகை ஆகும். அதாவது 27 பாகையிலும் குறைந்த வெப்பநிலையில் உள்ள எந்தப் பொருளை வெளியே கொண்டுவந்தாலும் அதன்மேல் நீர் படியும். பாசிக்குடா விடுதி ஒன்றில் 24 பாகை அறையில் இரவைக் கழித்த லென்ஸைச் சூரிய உதயத்துக்காக அப்படியே கடற்கரைக்கு எடுத்துச் சென்றால், வெளியே மட்டுமன்றிக் குழாயின் உள்ளேயும் நீர் படியக்கூடும். அறையிலிருக்கும்போதே காற்றுப் புகாத பொலித்தீன் பையில் கமராவை இட்டு மூடி, வெளியே அரை மணி நேரமாவது வைத்திருந்து, அது வெளி வெப்பநிலைக்கு வந்தபின் பையைத் திறந்தால் இதைத் தவிர்க்கலாம். நீர் படிந்துவிட்டால் துடைக்காமல் தானாக உலர விடுவதே சரி. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றுவது சென்சருக்கும் ஈரத்தைக் கொண்டுபோகும்.

வைப்பிடத்துக்கு விலையுயர்ந்த உலர் அலுமாரி கட்டாயமில்லை. றப்பர் விளிம்புள்ள, இறுக மூடும் உணவுப் பெட்டி ஒன்றும், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் மணிகளான சிலிக்கா ஜெல்லும், சிறிய ஈரப்பதன்மானி ஒன்றும் போதும். இதன் கணக்கு வியப்பானது. 28 பாகை வெப்பநிலையில் 80 சதவீதச் சாரீரப்பதனுள்ள வளியின் ஒரு கன மீற்றரில் சுமார் 22 கிராம் நீராவி உள்ளது. 10 லீற்றர் பெட்டியில் அதன் அளவு கால் கிராமைக்கூட எட்டாது. 100 கிராம் சிலிக்கா ஜெல் இதைப் போலப் பல மடங்கை உறிஞ்சும். ஆகவே பெட்டி உண்மையில் காற்றுப் புகாததாக இருந்தால் ஜெல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சில நாட்களிலேயே நிறம் மாறினால் குறை மூடியில்தான் இருக்கிறது. ஈரம் ஏறிய ஜெல்லை சுமார் 110 முதல் 120 பாகை வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படுத்தலாம். நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ற்று குளோரைட்டு இருப்பதால், குசினியில் சமைக்கும் தாச்சியை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் வகை கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

பெட்டிக்குள் சாரீரப்பதன் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கச் செய்ய வேண்டும். 30 சதவீதத்துக்கும் கீழே நெடுங்காலம் வைத்திருப்பது உள்ளிருக்கும் மசகுப் பொருளுக்கும் றப்பருக்கும் நல்லதன்று. மலிவான ஈரப்பதன்மானிகள் சில சதவீதம் பிழையாகக் காட்டுவதுண்டு. அதைச் சோதிக்க வீட்டிலுள்ள உப்பே உதவும். ஒரு போத்தல் மூடியில் உப்பை இட்டு, கரையாமல் சேறுபோல் ஆகும்வரை சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு பையில் இறுக மூடி ஓர் இரவு வைத்தால், உள்ளே உள்ள வளி 75 சதவீதத்தில் நிலைகொள்ளும். மானி 70 என்று காட்டினால் அதன் கணக்கில் 5 குறைகிறது என்று கொள்ளலாம்.

அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் போய்விடும் என்ற நம்பிக்கை நெல் விளையும் எமது மாவட்டங்களில் வலுவாகவே இருக்கிறது. நெல்லைக் களஞ்சியப்படுத்துவதற்கு ஏற்ற ஈரப்பதனாகக் கொள்ளப்படுவது 14 சதவீதம். அந்த அளவு ஈரமுள்ள தானியம் தன்னைச் சூழ்ந்த மூடிய வளியை 70 சதவீதச் சாரீரப்பதனுக்கு அண்மையிலேயே வைத்திருக்கும். பூஞ்சணம் விரும்புவதும் அந்த அளவைத்தான். போதாக்குறைக்கு அரிசித் தவிடு லென்ஸின் வளையங்களுக்குள் புகுந்துவிடும்.

அலுமாரிக்குள் சிறிய இழை மின்குமிழ் ஒன்றை எரியவிடும் பழைய ஸ்டூடியோ வழக்கத்தில், மாறாக, உண்மையான பயன் இருந்தது. 28 பாகையில் 80 சதவீதமாக உள்ள வளியை 33 பாகைக்குச் சூடாக்கினால், நீரின் அளவு மாறாமலே சாரீரப்பதன் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இப்போதைய எல்இடி குமிழ்கள் போதிய வெப்பத்தைத் தருவதில்லை. பழைய குமிழோ துணிக்கும் மரத்துக்கும் அருகில் தீ அபாயம் உள்ளது. பெட்டியும் ஜெல்லும் அதைவிட எளிது.

மாதத்துக்கு ஒருமுறையாவது லென்ஸை எடுத்துப் பயன்படுத்துவதும், சூம் வளையத்தை முழுவதும் சுழற்றுவதும் உள்ளிருக்கும் வளியை மாற்றும். வெயிலில் வைத்தால் பூஞ்சணம் சாகும் என்பது ஓரளவு உண்மை, புறஊதா ஒளி அதைத் தடுக்கக்கூடியது. ஆனால் ஏற்கெனவே விழுந்த தழும்பு மறையாது, மூடியில்லாத லென்ஸ் வெயிலைக் குவித்து அருகிலுள்ள பொருளில் தீயை மூட்டவும் கூடும். கைபேசிக் கமராவுக்கு இவற்றில் பெரும்பகுதி தேவையில்லை. அதன் மங்கலுக்குக் காரணம் ஏறத்தாழ எப்போதும் விரல் எண்ணெய்தான். மணலை ஊதிவிட்டு மென்துணியால் துடைத்தால் போதும்.

பழைய லென்ஸ் ஒன்றை வாங்கப்போகும்போது ஒரு சிறிய டோர்ச்சைக் கொண்டுசெல்ல வேண்டும். துவாரத்தை முழுவதும் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து ஒளியைச் சற்றுச் சரிவாகச் செலுத்தி முன்பக்கத்தினூடாகப் பார்க்க வேண்டும். அங்குமிங்கும் தெரியும் தூசித் துகள்கள் எல்லா லென்ஸிலும் உண்டு, அவற்றுக்காக வாங்காமல் விட வேண்டியதில்லை. விளிம்பிலிருந்து கிளை விரிக்கும் இழைகளும், பால் பூசியதுபோன்ற மங்கலும் தெரிந்தால் அது வேறு. லென்ஸைத் திறந்து துடைப்பது வீட்டில் செய்யக்கூடிய வேலை அன்று. வில்லைகள் தம் இடத்திலிருந்து இம்மியளவு விலகினாலும் படத்தின் ஒரு பக்கம் கூர்மையிழக்கும். தொழில்நுட்பவியலாளர் கேட்கும் கூலி, பல சாதாரண லென்ஸ்களுக்கு அவற்றின் விலையையே நெருங்கிவிடும் என்பதால், இழை தெரியும் லென்ஸை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.